சீனத்து வைத்தியமும் தோட்டத்து நோவும்

(லுணுகலையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீன தேசத்து வைத்தியத்தைப் பற்றியும், அக்குபங்சர் என்று உலகம் அழைக்கும் குத்தூசி வைத்தியத்தைப் பற்றியும் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். கொழுந்து பறித்து நிறுத்துவிட்டு நேரே வந்திருக்கும் தாய்மார்கள் ஒரு புறம். பிபிலைப் பக்கத்திலிருந்து வயலை விட்டு வந்திருக்கும் விவசாய அன்பர்கள் ஒரு புறம். ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வழக்கறிஞர்களும் முன் வரிசையிலே. இத்தனை பேரையும் ஒரே கேள்விதான் இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்று எண்ணுகிறேன். மருந்தே வேண்டாம், ஊசி முனையிலே எல்லா நோயும் தீரும் என்கிறார்கள் சிலர். அத்தனையும் ஏமாற்று வித்தை என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?

நான் ஆங்கில வைத்தியம் பயின்றவன். என் பாட்டனார் நாடி பார்த்துச் சூரணம் கொடுத்த பரியாரியார். ஆகவே எந்தப் பக்கத்துக்கும் வக்காலத்து வாங்க நான் இங்கு வரவில்லை. ஆராய்ந்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் உரிமை.

சீன வைத்தியம் நமக்குப் புதிதன்று. தாய்மார்களே, நீங்கள் நாள்தோறும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையில் போடுகிறீர்களே, அந்தக் கொழுந்தே சீனத்து மருந்துதான்! மூலிகைகளைத் தாமே தின்று பார்த்துக் குணம் கண்டவர் என்று சீனர் போற்றும் ஷென்னொங் என்னும் புராண அரசர், நஞ்சுக்கு மாற்றாகத் தேயிலையைக் கண்டார் என்பது அவர்கள் வழங்கும் கதை. கதை கிடக்கட்டும். பேராதனைப் பூங்காவில் 1824-ல் முதன்முதலாக நட்ட தேயிலைச் செடி சீனத்திலிருந்து வந்தது என்பது சரித்திரம். 1867-ல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் அதைத் தோட்டப் பயிராக்கினார். அந்தப் பயிருக்காகவும் நம் முன்னோர் கடல் கடந்தும் காடு கடந்தும் இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

இன்னும் கேளுங்கள். 1911-ல் காலி நகரிலே ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409-ஆம் ஆண்டைக் குறிப்பது. அதில் மூன்று மொழிகள்: சீனம், பாரசீகம், மூன்றாவது நம் தமிழ்! தெவிநுவரையில் எழுந்தருளிய தென்னாவர நாயனாருக்குச் சீனச் சக்கரவர்த்தி பொன்னும் வெள்ளியும் பட்டும் நறுநெய்யும் காணிக்கை செலுத்தியதைத் தமிழ்ப் பகுதி கூறுகிறது. கொழும்பு நூதனசாலைக்குப் போகிறவர்கள் அதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இந்நாட்டிலே தமிழுக்கு இடமேது என்று கேட்பவர்களையும் உடன் அழைத்துப் போகலாம்.

பிற்காலத்திலும் உறவு விடவில்லை. 1952 டிசம்பரில் இலங்கை சீனத்தோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. நாம் கொடுத்த இறப்பருக்கு ஈடாக ஆண்டுதோறும் 2,70,000 தொன் அரிசி வந்தது. அமெரிக்கா சினந்தது, உதவியை நிறுத்தியது. ஆனாலும் ஒப்பந்தம் முப்பதாண்டு நிலைத்தது. உங்கள் பாட்டன் பாட்டியர் கூப்பனுக்கு வாங்கிப் பொங்கிய அரிசியிலே சீனத்து அரிசியும் கலந்திருந்தது. நம் சித்த வைத்தியர் இன்றும் பயன்படுத்தும் பறங்கிப்பட்டை இருக்கிறதல்லவா? அது சீனத்துக் கிழங்கு. போர்த்துக்கேயராகிய பறங்கியர் காலத்தில் கப்பலேறி வந்ததால், சீனத்தின் பெயர் மறைந்து பறங்கியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி வைத்தியத்துக்கு வருவோம்.

சீன வைத்தியத்தின் தத்துவம் நம் கிராமத்துப் பாட்டிக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். படித்தவர்களுக்குத்தான் நேரம் பிடிக்கும். ‘இது சூடு, அது குளிர்ச்சி, இதைத் தின்றால் வாயு’ என்று நம் வீட்டில் பேசுகிறோம் அல்லவா? அதே போக்குத்தான். குளிர்ச்சி, இருள், அமைதி ஆகியவற்றின் கூறு யின். வெப்பம், ஒளி, இயக்கம் ஆகியவற்றின் கூறு யாங். இவ்விரண்டும் ஒத்து நின்றால் நலம். ஒன்று மிகுந்து ஒன்று குறைந்தால் நோய். நாம் ஐம்பூதம் என்கிறோம். அவர்களும் ஐந்து என்கிறார்கள், ஆனால் அவர்களுடைய ஐந்து மரம், தீ, மண், உலோகம், நீர். உடலெங்கும் ‘சி’ என்னும் உயிர்ச்சக்தி பன்னிரண்டு பெருவழிகளில் ஓடுகிறது என்றும், வழி அடைபட்டால் நோவு உண்டாகிறது என்றும், அவ்வழிகளில் உள்ள குறித்த இடங்களில் மெல்லிய ஊசியை ஏற்றினால் அடைப்பு நீங்கும் என்றும் அவர்கள் நூல்கள் கூறும். முதுகின் நடுவிலும் உடலின் முன்புற நடுவிலும் ஓடும் இரு வழிகளையும் சேர்த்து, இன்று பாடப்புத்தகங்கள் 361 இடங்களைக் குறிக்கின்றன. ஊசியோடு சேர்த்து ஒரு மூலிகைப் பஞ்சைக் கொளுத்தி இடத்துக்கு வெதுவெதுப்பு ஊட்டுவதும் உண்டு. அந்த மூலிகை நம் மாசிபத்திரியின் இனம். அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியைப் பற்றிச் சற்றுப் பின்னால் சொல்வேன்.

நோயாளியைப் பார்க்கும் முறையும் நமக்கு அந்நியமன்று. நாவையும் முகத்தையும் நோக்குவர், குரலையும் மூச்சையும் கேட்பர், வினவுவர், பின்பு மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பர். நம் சித்தரும் அதே மூன்று விரலால்தான் வாதம், பித்தம், கபம் என்று பிரித்தறிந்தனர். தென் தமிழகத்திலே, குமரிப் பக்கத்திலே, வர்ம ஆசான்கள் 108 வர்மத் தலங்களைச் சொல்வர். அடி பட்டால் வீழ்த்தும் இடமே, தடவினால் எழுப்பும் இடமும் ஆகும் என்பது அவர்கள் கொள்கை. பழனியில் நவபாஷாணச் சிலை செய்தவர் என்று போற்றப்படும் போகர் சீனம் சென்றவர் என்றும், சீனராகவே பிறந்தவர் என்றும் இருவேறு மரபுகள் உண்டு. நம் ஊவா மாகாணத்துக் கதிர்காமத்தோடும் அவரை இணைத்துப் பேசுவோர் உளர்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். போகரை வைத்து, ‘அக்குபங்சர் முழுவதும் தமிழன் கொடுத்தது’ என்று முழங்குவது இப்போது சில மேடைகளில் வழக்கமாகியிருக்கிறது. கேட்க இனிக்கிறது. சான்று? மரபுக் கதை மரபுக் கதையாகவே இருக்கட்டும். நமக்குரிய பெருமைகள் கல்லிலே வெட்டிக் கிடக்கையில், காற்றிலே எழுதிய பெருமையை நாம் ஏன் தேடவேண்டும்?

குத்தூசி ஐயாயிரம் ஆண்டாக அறுபடாமல் வந்தது என்பதும் அப்படிப்பட்ட இனிப்புத்தான். அதன் ஆதி நூலாகிய மஞ்சட் பேரரசரின் உள்நூல் சுமார் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பு தொகுக்கப்பட்டது. அதுவே போதிய பழமை. 1973-ல் மாவாங்துயி என்னும் இடத்தில், கிறிஸ்துவுக்கு முன் 168-ல் மூடிய கல்லறையிலிருந்து பட்டுச் சுவடிகள் கிடைத்தன. அவற்றில் பதினொரு வழிகள் கூறப்படுகின்றன. ஊசி ஏற்றும் இடங்கள் கூறப்படவில்லை. ஆகவே இந்தக் கலை ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கியதன்று, படிப்படியாக வளர்ந்தது. வளர்ந்ததோடு வாடவும் செய்தது. 1822-ல் சீனப் பேரரசரே அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து குத்தூசியை நீக்கினார். 1929-ல் அன்றைய சீன அரசாங்கத்தின் முன் பழைய வைத்தியத்தையே ஒழித்துவிட வேண்டும் என்னும் தீர்மானம் வந்தது; நாட்டு வைத்தியர்கள் திரண்டெழுந்து எதிர்த்ததால்தான் அது நின்றது.

அதைத் தூக்கி நிறுத்தியது 1949-க்குப் பின் வந்த ஆட்சி. ஏன்? கோடிக்கணக்கான மக்கள், மேலைநாட்டு வைத்தியம் பயின்றவர்களோ மிகச் சிலர். கையில் இருந்த நாட்டு வைத்தியரைத் தள்ளிவிட்டால் கிராமத்தானுக்கு யாருமில்லை. அதனால் பழைய நூல்களை ஒழுங்குபடுத்தி, 1955-ல் ஆராய்ச்சிக் கழகமும் 1956-ல் கல்லூரிகளும் தொடங்கினார்கள். இன்று ‘மரபுவழிச் சீன வைத்தியம்’ என்று உலகெங்கும் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் அப்போது வகுத்த பாடந்தான். இதில் ஒரு வேடிக்கை. மக்களுக்கு இதைப் பரப்பிய மாவோ, தமக்கென்று வரும்போது இதில் நம்பிக்கையில்லை என்று சொன்னதாக, அவருடைய வைத்தியராயிருந்த லி சிசுயி 1994-ல் வெளிவந்த நினைவு நூலில் எழுதியிருக்கிறார். ஏழைக்கு ஒரு வைத்தியம், ஆள்வோருக்கு ஒரு வைத்தியம் என்பது எந்த நாட்டிலும் எந்தக் கட்சியிலும் காணக்கூடியது போலும்!

மேல்நாட்டார் கண்ணில் இது பட்டது 1971-ல். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் இருந்தபோது குடல்வால் நோய் கண்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஊசி குத்தி மயக்கி வயிற்றைக் கிழித்தார்கள் என்று ஊரெல்லாம் கதை பரவியது. அவர் எழுதியதோ வேறு. அறுவைக்கு வழக்கமான மரப்பு மருந்தையே செலுத்தினார்கள். இரண்டாம் நாள் இரவு வயிற்றில் உண்டான உபாதைக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி ஏற்றினார்கள். உண்மை சிறியதாய் இருந்தது; வதந்தி அதைப் பெரிதாக்கியது. இந்த ஊசியின் சரித்திரம் முழுவதிலும் இப்படித்தான்.

நம் பக்கத்துக்கு அது வந்த வழி இன்னும் பெருமைக்குரியது. 1938-ல் சீனத்தை யப்பான் தாக்கியபோது இந்தியக் காங்கிரஸ் ஐந்து வைத்தியர்களை அனுப்பியது. அவர்களில் டாக்டர் கோட்னிஸ் போர்க்களத்து ஆஸ்பத்திரியிலேயே உழைத்து 1942-ல், முப்பத்திரண்டு வயதில், அங்கேயே மாண்டார். உடன் சென்ற டாக்டர் பி. கே. பாசு உயிரோடு மீண்டார். 1950-களின் இறுதியில் மறுபடியும் சீனம் சென்று குத்தூசியைக் கற்றுக் கல்கத்தாவில் தொடங்கினார். அந்த வித்து முளைத்து, 1996-ல் மேற்கு வங்காளம் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. இலங்கையிலே, களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் டாக்டர் அன்ரன் ஜயசூரிய குத்தூசிச் சிகிச்சை நிலையம் நடத்தினார். அவர் 2005-ல் மறையும்வரை பல நாட்டவர் அங்கு வந்து பயின்றனர். வெள்ளைக்காரர் விமானமேறி வந்து கற்ற கலை, களுபோவிலையிலிருந்து லுணுகலைக்கு வர இத்தனை காலம் ஆயிற்று!

சரி, ஊசி வேலை செய்கிறதா?

நோவுக்கு ஓரளவு செய்கிறது. இதை நான் கூசாமல் சொல்வேன். ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு நோவுடைய 1,162 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தி 2007-ல் வெளியிட்டார்கள். அவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதற் கூட்டத்துக்குச் சீன நூல் சொல்லும் இடங்களில் முறைப்படி ஊசி. இரண்டாம் கூட்டத்துக்கும் ஊசிதான்; ஆனால் நூல் சொல்லாத இடங்களில், மேலோட்டமாக. மூன்றாம் கூட்டத்துக்கு மாத்திரை, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை. ஊசிக் கூட்டத்தார் இருவருக்கும் தலைக்குப் பத்து முறை, முறைக்கு அரை மணி நேரம். ஆறு மாதம் சென்று பார்த்தால், முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 47.6 பேருக்குக் குணம். மூன்றாம் கூட்டத்தில் 27.4 பேருக்கே குணம். ஊசி வென்றது என்று கைதட்டுமுன் இரண்டாம் கூட்டத்தையும் பாருங்கள்: 44.2 பேருக்குக் குணம்!

அதாவது, சரியான இடத்தில் குத்தினாலும் வேறு இடத்தில் குத்தினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே. பன்னிரண்டு வழி, 361 இடம் என்னும் கணக்கு அசைந்துவிட்டது. ஆனால் நோயாளியின் இடுப்பு நோவு குறைந்தது பொய்யன்று. ஊசி தைத்ததும் மூளை தன்னிடமுள்ள நோவடக்கும் பொருள்களைச் சுரக்கிறது என்பதை 1970-களிலிருந்து பீக்கிங்கில் ஹான் ஜிஷெங் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து காட்டினார்கள். அது ஒரு பங்கு. இன்னொரு பங்கு, என் எண்ணத்தில், அந்த அரை மணி நேரம். ஒருவர் நம்மைப் படுக்கவைத்து, நாடி பிடித்து, எங்கே நோகிறது, எப்போது நோகிறது, இரவில் உறக்கம் உண்டா என்று வினவி, கையால் தொட்டுப் பார்க்கிறார். அதுவும் மருந்தே.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். நெற்றியிலே கயிற்றை மாட்டி முதுகிலே கூடையைத் தாங்கி, மழையில் வழுக்கும் மலைச்சரிவில் காலை முதல் மாலைவரை நிற்கிறீர்கள். கழுத்து நோகிறது, தோள் நோகிறது, இடுப்பு ஒடிகிறது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால் எவ்வளவு நேரம் உங்களை இருத்திப் பேசுகிறார்கள்? இரண்டு வெள்ளை மாத்திரை, அடுத்த ஆள்! ஜெர்மனியில் தோற்றுப்போன மூன்றாம் கூட்டத்துக்குக் கிடைத்த கவனிப்பில் பாதியாவது உங்களுக்குக் கிடைத்ததுண்டா? ஆகவே ஊசி வைத்தியரிடம் போய் வந்த ஒருத்தி ‘எனக்குச் சுகமாயிருக்கிறது’ என்றால், அவளை மூடநம்பிக்கைக்காரி என்று எந்தப் பட்டதாரியும் ஏளனம் செய்யவேண்டாம். அவளுக்கு உண்மையாகவே சுகமாயிருக்கிறது.

நாட்பட்ட நோவு, சிலவகைத் தலைவலி, முழங்கால் நோவு, அறுவைக்குப் பின் வரும் குமட்டல்: இவற்றுக்கு ஊசி உதவும் என்பதற்குச் சான்று உண்டு. இவ்வெல்லைக்கு அப்பால் வாக்குறுதி வழங்குபவரிடம் எச்சரிக்கையாயிருங்கள். சீனி வியாதிக்காரர் இன்சுலினை நிறுத்திவிட்டு ஊசியை நம்பினால் மயங்கி விழுவார்; உயிரும் போகும். இரத்த அழுத்த மாத்திரையைத் தூக்கியெறிந்தவருக்குப் பாரிசவாதம் வரும். காசநோய்க்கு ஆறு மாத மருந்து ஒரு நாள் தவறாமல் உள்ளே போகவேண்டும். வயலிலே சேற்றில் நிற்கும் அன்பர்களுக்கு எலிக்காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. பாம்பு தீண்டினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. ‘கழிவு வெளியேறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று காய்ச்சல்காரனை வீட்டில் கிடத்துகிறவர் சீன வைத்தியரும் அல்லர், தமிழ் வைத்தியரும் அல்லர்.

சீனத்து மூலிகையைப் பற்றி இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று அமுதம், ஒன்று நஞ்சு.

1967-ல், வியட்நாம் போர்க்காலத்தில், மலேரியாவுக்குப் புதுமருந்து தேடும் இரகசிய வேலையைச் சீன அரசு தொடங்கியது. அதில் சேர்ந்த து யூயூ என்னும் பெண்மணி பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டினார். சுமார் 1,600 ஆண்டுக்கு முன் வாழ்ந்த கே ஹொங் என்பவர் முறைக்காய்ச்சலுக்கு எழுதிய குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. சிங்ஹாவ் என்னும் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து, சாற்றைக் குடிக்கச் சொல்கிறது அது. மாசிபத்திரிக்கு இனமான செடி என்றேனே, இதுதான். ஏன் காய்ச்சச் சொல்லவில்லை? இந்தக் கேள்விதான் அவருடைய மேதை. கொதிக்க வைத்தால் குணம் கெடுகிறது போலும் என்று ஊகித்து, குறைந்த சூட்டில் ஈதர் கொண்டு சத்தைப் பிரித்தார். 1971-ல் அது மலேரியாக் கிருமியை அடியோடு கொன்றது. மக்களுக்குக் கொடுக்குமுன் தாமே விழுங்கியும் பார்த்தார். அந்த மருந்து இலட்சக்கணக்கான உயிரைக் காத்தது. 2015-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

மலேரியா என்றால் என்னவென்று நம் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1934–35-ல் இந்நாட்டிலே சுமார் 80,000 பேரை அது வாரிக்கொண்டு போயிற்று. 1963-ல் பதினேழே பேருக்குக் கண்டது. ஒழிந்துவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். 1969-ல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது! பின்பு மருந்து தெளித்தும், வலை கொடுத்தும், இரத்தம் சோதித்தும், புதுமருந்து கொடுத்தும் போராடி, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றோம்.

து யூயூ செய்ததைக் கவனியுங்கள். பழைய ஏட்டை அவர் பூசையறையில் வைத்துக் கும்பிடவில்லை, குப்பையிலும் எறியவில்லை. சோதனைச் சாலைக்குக் கொண்டு போனார். நம் சித்தர் ஏடுகளையும் கைதடியிலும் திருகோணமலையிலும் சித்தம் பயிலும் நம் பிள்ளைகள் அப்படிக் கொண்டு போகவேண்டும் என்பது என் ஆசை.

இப்போது நஞ்சு. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகைத் தூள் உண்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது; பலருக்குப் பின்னர் புற்றுநோயும் கண்டது. ஆராய்ந்தபோது, ஒரு மூலிகைக்குப் பதிலாகப் பெயரொற்றுமை உடைய இன்னொன்று கலந்திருந்தது தெரிந்தது. அந்த இன்னொன்று அரிஸ்டொலோக்கியா என்னும் இனம். அதே இனத்தைச் சேர்ந்தவைதாம் நம் ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும்! இம்மாவட்டத்திலேயே, மகியங்கனைப் பக்கத்துக் கிராந்துருகோட்டையில், காரணம் இன்னும் முடிவாகத் தெரியாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டி வருகிறது. மூலிகைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஏற்கெனவே சிறுநீரகம் அபாயத்திலுள்ள நாட்டிலே, இன்னதென்று பெயரெழுதாத தூளையும் குளிகையையும், சீனத்தது ஆனாலும் சித்தரது ஆனாலும், வாங்கி விழுங்காதீர்கள். இயற்கை என்பதாலேயே தீங்கற்றது என்றால், அலரியும் இயற்கைதானே!

நான் சீனத்திடமிருந்து இம்மலைக்கு வரவேண்டும் என்று பெரிதும் விரும்புவது ஊசியையும் அன்று, மூலிகையையும் அன்று. 1968 முதல் அந்நாட்டுப் பத்திரிகைகள் ‘வெறுங்கால் வைத்தியர்’ என்று எழுதிய ஒரு கூட்டம் உண்டு. கிராமத்துப் பிள்ளைகள், வயலில் நாற்று நடுபவர்கள். சில மாதம் பயிற்சி, ஒரு பெட்டி, அதில் சில ஊசி, சில மருந்து, காயம் கட்டும் துணி. தடுப்பூசி போட்டார்கள், பிரசவம் பார்த்தார்கள், கிணற்றையும் மலகூடத்தையும் திருத்தினார்கள், தம்மால் ஆகாத நோயாளியை மேலிடத்துக்கு அனுப்பினார்கள். தவறும் செய்தார்கள், அரைகுறைப் படிப்பின் குறைகள் எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஆயினும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர் அப்படி உழைத்ததால், வைத்தியர் முகமே காணாத கிராமத்துக்கு ஒருவர் கிடைத்தார். அவர் அவ்வூர்ப் பேச்சைப் பேசுபவர். நள்ளிரவில் கதவைத் தட்டக்கூடியவர். 1980-களில் கூட்டுப் பண்ணைகள் கலைந்தபோது அந்த ஏற்பாடும் கலைந்தது.

நம் நிலை என்ன? வெள்ளையர் ஆட்சியில் 1872-லேயே தோட்ட மக்களின் வைத்தியத் தேவைக்கென்று தனிச் சட்டம் வந்தது. அதில் அன்பு இருந்ததோ இல்லையோ, நோயாளி கொழுந்து பறிக்க மாட்டான் என்னும் கணக்கு இருந்தது. அன்று தொடங்கிய பிரிவினை இன்றும் முற்றாக நீங்கவில்லை. கிராமத்தானுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி, தோட்டத்தானுக்குத் தோட்டத்து மருந்து என்று இரண்டு பாதை. 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-ல் கம்பனிகளின் கைக்குப் போயின. 1990-களிலே தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது, பாதியில் நிற்கிறது. இன்றும் பல தோட்டங்களில் பட்டம் பெற்ற வைத்தியர் இல்லை; தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவரே எல்லாம். அவர்களில் பொன்னான மனிதர் பலரை நான் அறிவேன். ஒருவர் தலையில் பல தோட்டத்துச் சுமையை வைத்தது அவர்கள் குற்றமன்று. மடுல்சீமைப் பக்கத்து மேற்பிரிவு ஒன்றில் நள்ளிரவில் பிரசவ வேதனை கண்டால், லொறி பிடித்துப் பாதை கடந்து பதுளைப் பெரியாஸ்பத்திரி சேருமுன் என்ன நேரும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஆகவே, ‘தோட்டத்துக்கு ஊசி வைத்தியர் வருகிறார், மலிவானது, மருந்துச் செலவில்லை’ என்று எவரேனும் பெருமையோடு அறிவித்தால், ஒன்றைக் கேளுங்கள்: ‘டாக்டரோடு வருகிறாரா, டாக்டருக்குப் பதிலாக வருகிறாரா?’ சீனத்தான் குத்தூசியை எடுத்தது கையில் வேறொன்றும் இல்லாத காலத்தில். நமக்கு உரியது இருக்கிறது; அது தரப்படவில்லை. லயத்துப் பிள்ளைகளில் படித்த பெண்களைத் தெரிந்தெடுத்து மருத்துவமாதுப் பயிற்சிக்கும் தாதிப் பயிற்சிக்கும் அனுப்புங்கள் என்று ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தீர்மானம் எழுதி மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்கு அனுப்பட்டும். எழுதித் தருவதற்கு முன்வரிசையில் இத்தனை ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறீர்கள்.

கடைசியாக, லுணுகலைக் கடைவீதியில் ஒரு குத்தூசி நிலையம் திறக்க இடம் கொடுக்கலாமா என்று தலைவர் அவர்கள் என்னைக் கேட்டார்கள். கொடுக்கலாம். வருபவர் 1961-ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்தின்படியோ இலங்கை மருத்துவச் சபையிலோ பதிவு பெற்றவரா என்று பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். சுவரில் தொங்கும் வண்ணச் சான்றிதழ்களை நம்பி ஏமாறாதீர்கள். ஊசி உறை உங்கள் கண் முன்னே கிழிபடவேண்டும். ஒருவருக்கு ஏற்றியதை மற்றவருக்கு ஏற்றினால் ஈரலைக் கெடுக்கும் மஞ்சட்காமாலைக் கிருமி தொற்றும். நெஞ்சுப் பக்கத்தில் ஆழமாகக் குத்த விடாதீர்கள். நுரையீரலில் பட்டால் ஆபத்து. கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்லவேண்டும். கட்டணத்தைப் பலகையில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

பயன்படுத்திய ஊசி எங்கே போகிறது என்றும் கேளுங்கள். லயத்துப் பின்புறக் குப்பையிலோ தேயிலைச் செடிக்கடியிலோ வீசினால், மறுநாட் காலை அந்த நிரையிலே வெறுங்காலோடு இறங்குவது யார்? அதற்கென்று தடித்த பெட்டி உண்டு. நிறைந்ததும் லுணுகலை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்து எரிக்க ஏற்பாடு செய்யவேண்டும். அந்த ஏற்பாட்டை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு கடைச் சாவியைக் கொடுங்கள்.